பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பாலிசி

காப்பீடு குறித்த வாசகர் கேள்விகளுக்கு, எல்.ஐ.சி.யில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் பாட்டி சென்ற மாதம் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில், தாத்தா 1948-இல் எடுத்த ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்று கிடைத்தது. 2,000 ரூபாய்க்கு 20 வருஷப் பாலிசி. சென்னைக் கம்பெனி. அந்தப் பெயரில் இன்றைக்கு எந்தக் கம்பெனியும் இல்லை. தாத்தா 1954-இல் இறந்துவிட்டார். இதற்குப் பணம் ஏதும் வருமா? — வாசகி, காரைக்குடி

அம்மா, முதலில் அந்தக் காகிதத்தின் மடிப்பை நீவிவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பாலிசித் தாள் மடிப்பில்தான் முதலில் விட்டுப்போகும். அப்படியே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெட்டியில் இன்னொரு முறை தேடுங்கள். பாலிசியைவிட முக்கியமானவை பிரீமியம் ரசீதுகள். கடைசி ரசீதின் தேதியையும் தாத்தா இறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இறக்கும் வரை பிரீமியம் கட்டப்பட்டிருந்தால் முழுத் தொகையும், அதுவரை சேர்ந்த போனஸ் இருந்தால் அதுவும், பாட்டிக்கு அன்றே சேர்ந்திருக்க வேண்டிய பணம். மூன்று நான்கு வருஷம் கட்டி நின்றுபோயிருந்தால் பாலிசி 'பெய்ட்-அப்' ஆகியிருக்கும். கட்டிய வருஷங்களுக்கு உரிய பங்கு மட்டும் நிற்கும். 2,000 ரூபாய், 20 வருஷம், கட்டியது 4 வருஷம் என்றால் 400 ரூபாய். ஒரு வருஷத்தோடு நின்றிருந்தால் லாப்ஸ், ஒன்றும் வராது.

அடுத்தது கம்பெனி. 1956-இல் அரசு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளைத் தேசியமயமாக்கி எல்.ஐ.சி.யைத் தொடங்கியது. அப்போது அது நடந்துகொண்டிருந்தால் அதன் பாலிசிகள் எல்லாம் எல்.ஐ.சி.க்கு வந்துவிட்டன. எல்.ஐ.சி. சட்டத்தின் 37-ஆவது பிரிவு, இந்தப் பாலிசிகளின் தொகைக்கும் போனஸுக்கும் மத்திய அரசின் உத்தரவாதம் உண்டு என்கிறது. 1956-க்கு முன்பே வேறு கம்பெனியோடு சேர்ந்திருந்தாலும் அந்த வழியாக வந்திருக்கும். நீதிமன்றத்தின் மூலம் கலைக்கப்பட்டிருந்தால் மட்டும் வழியில்லை.

காரைக்குடிக் கிளையிலேயே மனு கொடுக்கலாம். மனுவில் பாலிசி எண்ணோடு பழைய கம்பெனியின் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் பாலிசிகளுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டது. அதனால் ஒரே எண்ணில் பல பாலிசிகள் உண்டு. கம்பெனிப் பெயர் இல்லாத வெறும் எண்ணை வைத்துக்கொண்டு ரெக்கார்டு ரூமில் நான் நாள் கணக்காகத் தேடியிருக்கிறேன். தாத்தா, பாட்டி இருவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகலும் வையுங்கள். 10 வருஷத்துக்கு மேல் யாரும் கேட்காத காப்பீட்டுத் தொகை இப்போது மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகிறது. அங்கே போன பிறகும் 25 வருஷம் வரை, அதே காப்பீட்டு நிறுவனத்தின் மூலம் கேட்டு வாங்கலாம். பெரிய தொகை வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேளுங்கள். அது பாட்டிக்குச் சேர வேண்டிய பணம்.

கேள்வி: 1956-க்கு முன்னால் நாட்டில் 200-க்கும் அதிகமான ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் இருந்தனவாமே? அத்தனை எப்படி முளைத்தன? எல்லாமே ஏமாற்றுக் கம்பெனிகள்தானா? — கல்லூரி ஆசிரியர், திருச்சி

தேசியமயத்தில் கைமாறியவை மொத்தம் 245. அதில் இந்தியக் கம்பெனிகள் 154, வெளிநாட்டுக் கம்பெனிகள் 16, சிறு தொகைக்குக் காப்பீடு கொடுத்த பிராவிடண்ட் சொசைட்டிகள் 75. "எல்லாமே ஏமாற்று" என்று நீங்கள் கேட்டது எனக்கு உறுத்துகிறது. என் அப்பா அப்படி ஒரு சின்னக் கம்பெனியின் ஏஜெண்ட். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வந்தது 1818-இல் கல்கத்தாவில் தொடங்கிய ஓரியண்டல். அது இங்கே இருந்த ஐரோப்பியர்களுக்காக வந்த கம்பெனி. இந்திய உயிருக்குக் காப்பீடு கொடுக்க வந்த ஐரோப்பியக் கம்பெனிகளும் கூடுதல் பிரீமியம் கேட்டன. 1870-இல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல்தான் இந்தியருக்கும் சாதாரண விகிதத்திலேயே பாலிசி கொடுத்தது. அப்புறம் சுதேசி இயக்கம் வந்தது. வ.உ.சி. தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி தொடங்கிய அதே 1906-இல்தான் சென்னையில் யுனைடெட் இந்தியா, கல்கத்தாவில் நேஷனல், லாகூரில் கோ-ஆபரேட்டிவ் அஷ்யூரன்ஸ் எல்லாம் பிறந்தன. அடுத்த வருஷம் ஹிந்துஸ்தான் கோ-ஆபரேட்டிவ். அதன் ஆரம்பகால அலுவலகம் ஜோராசாங்கோவில் தாகூர் வீட்டு அறை ஒன்றில் இயங்கியது. லாகூர் லட்சுமி இன்ஷூரன்ஸுக்குப் பின்னால் லாலா லஜபதி ராய் இருந்தார். மசூலிப்பட்டணத்தில் ஆந்திரா வங்கியைத் தொடங்கிய பட்டாபி சீதாராமய்யா, 1925-இல் அதே ஊரில் ஆந்திரா இன்ஷூரன்ஸையும் தொடங்கினார். நம் ஊர்க்காரன் கட்டும் பிரீமியம் லண்டனுக்குப் போகாமல் நம் ஊரிலேயே ஒரு தொழிலுக்கு மூலதனமாக வேண்டும் என்ற எண்ணம்தான் எல்லோருக்கும். ஏமாற்ற வந்தவர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

நூற்றாண்டின் தொடக்கத்தில் 44 ஆக இருந்த கம்பெனிகள் 1938-இல் 176 ஆகிவிட்டன. நடைமுறையில் இருந்த பாலிசிகளின் தொகை ரூ.22.44 கோடியிலிருந்து ரூ.298 கோடியாக ஏறியது.

நடுவில் கெட்டதும் வந்தது. அதில் மோசமானது 'பங்கு பிரிக்கும்' சொசைட்டிகள். உறுப்பினரிடம் மாதாமாதம் காசு வாங்குவார்கள். வருஷக் கடைசியில், வசூலான தொகையை அந்த வருஷம் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எவ்வளவு கிடைக்கும் என்பது எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைப் பொறுத்தது. கொள்ளைநோய் வந்த வருஷத்தில் அந்தப் பங்கு எவ்வளவு சுருங்கும் என்று நினைத்துப் பாருங்கள். வயதானவர்களும் நோயாளிகளும் நிறையச் சேர்ந்தார்கள், இளைஞர்கள் விலகினார்கள், சொசைட்டி சரிந்தது. 1912-இல் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு ஒரு சட்டம், பிராவிடண்ட் சொசைட்டிகளுக்கு ஒரு சட்டம் என்று இரண்டு வந்தன. 1938-இல் முழு இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது.

இனி அப்பா. மன்னார்குடியைச் சுற்றி 20, 25 கிராமங்கள் அவருடைய எல்லை. சைக்கிள். அவருடைய வசூல் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீளவாக்கில் மடிந்த கணக்கு நோட்டு, சிவப்புத் துணி ஒட்டிய அட்டை. பெயர், பாலிசி எண், தொகை, தவணை என்று நான்கு பத்தி. கம்பெனிக்கு அது போதும். அப்பாவுக்குப் போதாது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்: "குறுவை அறுத்து", "மகள் பிரசவம், தைக்கு மேல்", "மாடு விற்றால்". பிரீமியம் கெடு மார்ச்சில் இருக்கும், ஆனால் அந்த வீட்டில் பணம் இருப்பது தை மாதத்தில். தையிலேயே போய் வாங்கிவிடுவார். போக முடியாமல் போனால் கைக்காசைக் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்வார். வயதுச் சான்று என்று யாரிடமும் எதுவும் இருக்காது. ஜாதக நோட்டை வாங்கி, பிறந்த தமிழ் வருஷத்தை இங்கிலீஷ் வருஷமாக மாற்றி எழுதுவார். அந்த மாற்றுக் கணக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

1951-இல் அந்தக் கம்பெனி தள்ளாடி, பாலிசிகள் வேறொரு கம்பெனிக்குப் போயின. போகும்போது எல்லாப் பாலிசித் தொகையையும் குறைத்தார்கள். கொஞ்ச நாளில் அப்பா சேர்த்த ஒருவர் பாம்பு கடித்து இறந்தார். 1,000 ரூபாய்ப் பாலிசிக்கு 640 ரூபாய் வந்தது. செக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தம்மா ஒன்றும் கேட்கவில்லை, படிக்கத் தெரியாது. அப்பாதான் உட்கார்ந்து, இன்னும் 360 வரவேண்டும், வராது, என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் மூன்று போகம் எங்கள் வீட்டு நெல்லில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போனது. நோட்டில் அவர் பெயருக்கு எதிரே "360 — தீர்ந்தது" என்று இருக்கிறது. அதை நான் பார்த்தது அப்பா இறந்த பிறகுதான்.

அந்தக் கம்பெனியில் யாரும் திருடவில்லை. கணக்குதான் உதைத்தது. புதிய பாலிசிக்கு முதல் வருஷம் ஆகும் செலவு — ஏஜெண்ட் கமிஷன், டாக்டர் ஃபீஸ், ஸ்டாம்ப், அலுவலகச் செலவு — அந்த வருஷப் பிரீமியத்தையே விழுங்கிவிடும். பாலிசி பல வருஷம் ஓடினால்தான் போட்டது திரும்பும். விவசாயி இரண்டாம் வருஷம் மழை பொய்த்துக் கட்டாமல் விட்டால் அவருக்கும் நஷ்டம், கம்பெனிக்கும் நஷ்டம். பெரிய கம்பெனி தாங்கும். ஒரே ஜில்லாவில் 3,000 பாலிசி வைத்திருக்கும் கம்பெனிக்கு ஒரு புயல் வருஷம், ஒரு காலரா வருஷம் போதும். அதனால் வருமானத்தைக் காட்ட இன்னும் புதிய பாலிசி, இன்னும் அதிகக் கமிஷன் என்று ஓடினார்கள். 1950-இல் சட்டத்தைத் திருத்திக் கமிஷனுக்கு உச்சவரம்பு வைத்தும் பல கம்பெனிகள் தேறவில்லை. என் அப்பா மிதித்த சைக்கிளின் செலவுதான் அந்தக் கம்பெனியைச் சாய்த்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

திருட்டும் நடந்தது, அதை மறைக்கவில்லை. அது நடந்த இடம் பெரிய கம்பெனி. 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து, தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா தன் கையிலிருந்த பாரத் இன்ஷூரன்ஸின் பணத்தை எடுத்து எப்படிப் பயன்படுத்தினார் என்று விளக்கினார். 2 கோடி ரூபாய்க்கு மேல். டால்மியா பின்னர் சிறைக்குப் போனார். 1956 ஜனவரி 19 அன்று நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக் வானொலியில் தேசியமயத்தை அறிவித்தார். முந்தைய 10 வருஷத்தில் 25 கம்பெனிகள் கலைக்கப்பட்டதையும், இன்னும் 25 கம்பெனிகளின் பாலிசிகள், எடுத்தவர்களுக்கு நஷ்டத்தோடு கைமாறியதையும் அவர் அந்த உரையில் சொன்னார். அந்த இரண்டாவது 25-இல்தான் எங்கள் 360 ரூபாயும் இருக்கிறது. செப்டம்பர் 1 அன்று 5 கோடி ரூபாய் மூலதனத்தோடு எல்.ஐ.சி. தொடங்கியது.

நல்லபடியாக நடந்த சின்னக் கம்பெனிகளும் சேர்ந்து போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அப்பா தேசியமயத்தை வரவேற்றார். "இனி யாருக்கும் நெல் அளக்க வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

கேள்வி: சென்னை அண்ணா சாலையில் உள்ள எல்.ஐ.சி. கட்டடம் எல்.ஐ.சி. கட்டியது இல்லை என்கிறார் என் நண்பர். உண்மையா? — வாசகர், மதுரை

தொடங்கியது எல்.ஐ.சி. இல்லை, முடித்தது எல்.ஐ.சி. சென்னையில் 1906-இல் பிறந்த யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி பின்னர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் கைக்கு வந்தது. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் அவர்தான். தன் கம்பெனிக்காக அவர் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார். கட்டடம் முடிவதற்குள் கம்பெனியும் தேசியமயமாகிவிட்டது. 1959-இல் திறந்தபோது மேலே எல்.ஐ.சி. பெயர்.

ஆனால் யுனைடெட் இந்தியா என்ற பெயர் அழியவில்லை. ஆயுள் அல்லாத பொதுக் காப்பீட்டை அரசு எடுத்தபோது 107 கம்பெனிகளை நான்காகச் சேர்த்தார்கள். அந்த நான்குக்கும் பழைய பெயர்களையே வைத்தார்கள்: நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா. கடைசியில் சொன்னதற்குத் தலைமையகம் இன்றும் சென்னையில்தான்.

கேள்வி: நாங்கள் நாகர்கோவில்காரர்கள். என் கொள்ளுத்தாத்தா திருவிதாங்கூர் சர்க்கார் பள்ளி ஆசிரியர். அவர் சம்பளத்தில் இன்ஷூரன்ஸுக்குப் பிடித்தார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அப்படி இருந்ததா? அதெல்லாம் என்ன ஆயிற்று? — வாசகி, நாகர்கோவில்

இருந்தது, இன்னும் இருக்கிறது. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். மேலே மூழ்கிப்போன கம்பெனிகளைப் பற்றி அவ்வளவு எழுதினேன். பிழைத்தவை என் கண்ணுக்கு இவைதான்.

திருவிதாங்கூர் அரசு 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே தன் ஊழியர்களுக்கு ஆயுள் காப்பீடு வைத்துவிட்டது. அதன் வாரிசுதான் இன்றைய கேரள அரசின் இன்ஷூரன்ஸ் துறை. மைசூர் சமஸ்தானம் 1891-இல் தொடங்கியது. அப்போது அங்கே திவான் நம் சேஷாத்ரி ஐயர். அது இன்றும் கர்நாடக அரசு ஊழியர் ஒவ்வொருவரின் சம்பளப் பட்டியலிலும் கே.ஜி.ஐ.டி. என்ற பெயரில் ஒரு வரியாக வருகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் உறவினர் அரசு ஊழியராக இருந்தால் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்வார்.

இவை இரண்டுக்கும் மூத்தது தபால் ஆயுள் காப்பீடு. 1884 பிப்ரவரி 1 அன்று தபால் ஊழியர்களுக்காக மட்டும் வந்தது. 1888-இல் தந்தி இலாகாவைச் சேர்த்தார்கள். 1894-இல் அந்த இலாகாக்களின் பெண் ஊழியர்களுக்கும் கொடுத்தார்கள். பெண்ணுக்குப் பாலிசி கொடுக்க மற்றக் கம்பெனிகள் முன்வராத காலம் அது. 1995-இலிருந்து கிராமத்து மக்களுக்கும் கிராமியத் தபால் காப்பீடு உண்டு. 1956 சட்டம் எழுதும்போது தபால் காப்பீட்டுக்கும், மாநில அரசுகள் தம் ஊழியர்களுக்கு நடத்தும் கட்டாயக் காப்பீட்டுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் எல்.ஐ.சி.க்குள் போகாமல் நின்றன.

சட்டம் விட்டுவைத்தது என்பது ஒரு காரணம்தான். அதற்கு முன்னால் 60, 70 வருஷம் தாங்கினவே, அது எப்படி? பிரீமியம் சம்பளத்திலேயே பிடிபட்டது. பின்னால் நடக்க ஆள் வேண்டாம், கமிஷன் வேண்டாம், லாப்ஸ் ஆக வழியில்லை. கட்டாயத் திட்டங்களில், வேலையில் சேரும் இளைஞரிலிருந்து ஓய்வு பெறப்போகிறவர் வரை எல்லோரும் உள்ளே இருப்பதால், நோயாளிகள் மட்டும் வந்து சேரும் ஆபத்தும் இல்லை. ஏற்கெனவே ஒன்றாக இருக்கிற கூட்டத்துக்கு நடுவில் வைத்த உண்டியல் அது. திருநெல்வேலித் திருச்சபையில் ஊழியர்களின் விதவைகளுக்காக 19-ஆம் நூற்றாண்டிலேயே நிதி தொடங்கியதும் இந்த வழியில்தான். அப்பாவின் கம்பெனிக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை. சிதறிக் கிடந்த குடியானவர்களை ஒருவர் ஒருவராகத் தேடிப் போக வேண்டியிருந்தது. சின்னதாக இருந்ததுதான் குற்றம் என்று எல்லோரும் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்ளாதது இதனால்தான். மைசூர் நிதியும் ஆரம்பத்தில் சின்னதுதான்.

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பாஸ்புக், சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள். முடிந்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.

கேள்வி: இப்போது தனியார் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. சின்னக் கம்பெனி ஒன்றில் டெர்ம் பாலிசி மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? அது மூழ்கினால்? — வாசகர், ஓசூர்

தம்பி, பழைய அர்த்தத்தில் சின்னக் கம்பெனி இன்று கிடையாது. 2000-இல் தனியாருக்குத் திறந்துவிட்டபோது குறைந்தபட்ச மூலதனம் 100 கோடி ரூபாய் என்று வைத்தார்கள். மசூலிப்பட்டணத்தில் பத்துப் பேர் கூடி ஒரு கம்பெனி தொடங்குவது இனி நடக்காது.

கம்பெனி இல்லாமல் போனால் பாலிசி என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். பெங்களூரில் 2001-இல் ஐ.என்.ஜி. வைஸ்யா லைஃப் என்று தொடங்கி, பின்னர் எக்ஸைட் லைஃப் ஆன கம்பெனி, மூழ்காமலே 2022-இல் எச்.டி.எஃப்.சி. லைஃபுடன் இணைந்தது. சகாரா லைஃபின் கதை வேறு. 2017-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதற்கு நிர்வாகி போட்டது. நிலைமை சரியாகாததால் 2023 ஜூனில் அதன் சுமார் 2 லட்சம் பாலிசிகளை எஸ்.பி.ஐ. லைஃபிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது. 1951-இல் நடந்ததுபோல் தொகையைக் குறைக்கச் சொல்லவில்லை.

அதனால் பயப்படாமல் எடுக்கலாம். 'சால்வன்சி ரேஷியோ' — கம்பெனி வைத்திருக்க வேண்டிய கூடுதல் பணத்தைப்போல் எத்தனை மடங்கு கையில் இருக்கிறது என்ற கணக்கு — 1.5-க்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. விளிம்பில் இல்லாமல் அதற்கு நன்றாக மேலே இருக்கிறதா என்று மட்டும் கம்பெனியின் காலாண்டு அறிக்கையில் பாருங்கள். விண்ணப்பத்தில் சிகரெட், சர்க்கரை, பழைய ஆபரேஷன் எதையும் மறைக்காதீர்கள். மூன்று வருஷத்துக்குள் கிளெய்ம் வந்தால் துருவிப் பார்ப்பார்கள். பாலிசி கைக்கு வந்ததும், நாமினியாக யாரைப் போட்டீர்களோ அவரை உட்காரவைத்து, கம்பெனிப் பெயர், எண், தொகை மூன்றையும் அவர் கையாலேயே அவருடைய நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.